தோட்டத்திலிருந்து பார்க்கும்போது: கோலாலம்பூர் உயர்மறைமாவட்டமும் பால்மரக் காட்டுக் கத்தோலிக்கரும்

பேராயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்கத் திருச்சபைப் பகுதியான கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புக்கிட் நானாஸ் குன்றில் தொடங்குகிறார்கள். 1883இல் சார்ல் லெத்தெசியே என்னும் பிரெஞ்சுக் குரு அங்கே புனித யோவான் பெயரில் மறைப்பணியைத் தொடங்கினார். 1955இல் அந்தக் கோயில் பேராலயமானது. 1972இல் உயர்மறைமாவட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பேராயர்களின் வரிசை வரும். எல்லாம் சரியான செய்திகளே. ஆனால் பத்தாங் பெர்ஜுந்தை போன்ற தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, நடுவில் இருக்க வேண்டிய பெரும்பகுதி விடுபட்டுப் போனதாகவே தோன்றுகிறது. பால்மரக் காட்டுக்குள், அதாவது ரப்பர் தோட்டத்துக்குள், சாமியார் எப்படி வந்தார்? அவர் வராத வாரங்களில் செபத்தை நடத்தியது யார்? குழந்தையின் ஞானஸ்நானம் எந்த ஏட்டில் ஏறியது? தோட்டம் விற்கப்பட்ட பிறகு அந்த மக்கள் எந்தப் பங்கை (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்தை) சேர்ந்தவர்கள்? உயர்மறைமாவட்டம் என்ற அமைப்பை எங்கள் மக்கள் அறிந்தது இந்தக் கேள்விகளின் வழியாகத்தான். நானும் அந்த வழியிலேயே போகிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். ஈயமும் ரப்பரும் இதை வளர்த்தன. ஆங்ரி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தென்னமாரம் தோட்டமும் இங்கேதான் இருக்கிறது. ஊரில் உள்ள கத்தோலிக்கக் கோயில் வனத்துச் சின்னப்பருக்கு உரியது. எகிப்தின் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த முதல் துறவி என்று திருச்சபை போற்றும் புனித பவுலைத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் பெயர் அது. காகம் அப்பம் கொண்டுவந்து கொடுத்தது, அவர் இறந்தபோது சிங்கங்கள் குழி தோண்டின என்று அவருடைய கதை சொல்கிறது. காட்டு விலங்குகளிடமிருந்து காப்பவர் என்று தமிழ்நாட்டு உழவர்கள் அவரிடம் வேண்டிக்கொண்டார்கள். யானையும் புலியும் நடமாடிய மலாயாக் காட்டை வெட்டித் தோட்டமாக்க வந்தவர்களுக்கு அவரைவிடப் பொருத்தமான துணை வேறு யார் இருந்திருக்க முடியும்? பழைய நாட்காட்டியில் அவருடைய திருநாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வருவதால் கொடியேற்றமும் தேர் பவனியும் பொங்கல் பானையும் ஒரே காலத்தில் அமைந்தன.

மலாக்காவின் பழைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1558இல் நான்காம் பவுல் திருத்தந்தை அதை மறைமாவட்டமாக்கி, கோவா உயர்மறைமாவட்டத்தின் கீழ் வைத்தார். 1641இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை வந்தது. ஆயர் பீடம் பெயரளவில் மட்டும் எஞ்சியது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1841இல், பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பொறுப்பில் மலாயாவுக்கென்று தனி ஆட்சிப்பகுதி உருவானது. அந்தச் சபை அயுத்தியாவில் 1665இல் தொடங்கிய குருமடத்தை 1808இலேயே பினாங்குக்குக் கொண்டுவந்திருந்தது. இன்றைக்கும் தீபகற்ப மலேசியாவின் குருக்களை உருவாக்கும் பொதுக் குருமடம் அதுதான்.

தோட்டத் தமிழருக்கு உண்மையில் முக்கியமான ஆண்டு 1888. நம் வரலாற்றில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். பதின்மூன்றாம் சிங்கராயர் திருத்தந்தை 1886இல் இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சி அமைப்பை ஏற்படுத்தியபோது புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1888 ஆகஸ்ட் 10 அன்று, மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் உயிர்பெற்றது. அதைப் புதுச்சேரிப் பேராயரின் மாகாணத்தில், அதாவது அவரைத் தலைமையாகக் கொண்ட மறைமாவட்டங்களின் தொகுதியில், சேர்த்தார்கள். ஆயர் எட்வார் காஸ்னியே சிங்கப்பூரில் இருந்துகொண்டு தீபகற்பம் முழுவதையும் கவனித்தார். ஆனால் திருச்சபையின் வரைபடத்தில் அவருடைய மறைமாவட்டத்தின் தலைமை இடம் தமிழ் மண்ணில் இருந்தது.

இது வெறும் தாள் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரியையும் மலாயாவையும் நடத்தியது ஒரே பிரெஞ்சுச் சபை. ஒரு தளத்தில் தமிழ் கற்ற குருவின் அனுபவம் மற்றொரு தளத்துக்குப் பயன்பட வழி இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் கத்தோலிக்கர் பினாங்கில் இறங்கியபோது, தாங்கள் விட்டுவந்த அதே மந்திரங்களையும் அதே செபமாலையையும் தெரிந்துவைத்திருந்த குருக்களைச் சந்தித்தார்கள். ஆயராக 1896 முதல் 1904 வரை இருந்த ரெனே ஃபே தமிழ் கற்றவர். ஆயராவதற்கு முன்பே பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று புனித சூசையப்பர் பெயரில் ஒரு விவசாயக் குடியேற்றத்தை உருவாக்கியவர். அங்கே மக்களுக்குச் சொந்தமாக உழுவதற்கு நிலம் இருந்தது. சிலாங்கூர்த் தோட்டங்களில் அது இல்லாமல் போனதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

கோலாலம்பூரில் தமிழருக்கென்று எழுந்த தாய்க்கோயில் புடுவில் உள்ள புனித அந்தோனியார் ஆலயம், 1910இல் கட்டியது. சீனருக்குப் பிரிக்பீல்ட்ஸில் செபமாலை அன்னை ஆலயம் 1904லேயே வந்துவிட்டது. புக்கிட் நானாஸில் ஐரோப்பியரும் யுரேசியரும் ஆங்கிலம் படித்தவர்களும் கூடினார்கள். ரயில்வே பட்டறைத் தமிழருக்குச் செந்தூலில் புனித சூசையப்பர் ஆலயம் அமைந்தது. கிள்ளானில் 1928இல் லூர்து மாதா கோயில் எழுந்தது. ஆக, ஒரே நகரத்தைக் குருக்கள் நிலத்தால் பிரிக்காமல் மொழியால் பிரித்துக்கொண்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கன் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் அவனுடைய சாமியார் அந்தோனியார் கோயில் சாமியார்தான். இந்த ஏற்பாட்டை இன ஒதுக்கல் என்று இன்று சிலர் குறைகூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்யவும் சாகும் நேரத்தில் ஆறுதல் பெறவும் தாய்மொழி வேண்டும். படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மொழிவாரிப் பிரிவினால்தான் தோட்டத்துக்குத் தமிழ் பேசும் குரு வர முடிந்தது.

ஆனால் அவர் எத்தனை முறை வர முடிந்தது என்பது வேறு கேள்வி. ஒரு குருவின் பொறுப்பில் பல தோட்டங்கள். தோட்டம் கம்பெனிக்குச் சொந்தமான நிலம். உள்ளே நுழையத் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், அனுமதி வேண்டும். ஞாயிறு காலை பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) இருந்தால் பூசைக்கு ஆள் வராது. எனவே தோட்டத் திருச்சபையை அன்றாடம் தாங்கியவர் உபதேசியார். சில இடங்களில் அவர் சம்பளம் பெற்ற ஊழியர். பல இடங்களில் பகலில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் செபம் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்களைக் கூட்டிச் செபமாலை சொல்லுவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து செபிப்பது, குரு வரும் முன் இறந்துபோனவரை மந்திரம் சொல்லி அடக்கம் செய்வது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கடைசியில் சொன்னதைத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கிறது: அவசர வேளையில் சரியான கருத்தோடு எவரும் திருமுழுக்கு அளிக்கலாம். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டுபோன தோட்டங்களில் இந்த அனுமதியைப் பயன்படுத்தும் நிலை அடிக்கடி வந்தது.

சாமியார் வரும் நாளில் உபதேசியார் ஒரு பட்டியலோடு காத்திருப்பார். யாருக்கு ஞானஸ்நானம், யாருக்குத் திருமணம், யாருடைய கல்லறையை மந்திரிக்க வேண்டும், யார் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறார் என்பதுவரை அந்தப் பட்டியலில் இருக்கும். குரு திரும்பிப் போகும்போது ஞானஸ்நான விவரங்களை எடுத்துச் சென்று பங்குக்கோயிலின் ஏட்டில் எழுதுவார். இந்த ஏட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மறைமாவட்டம் என்ற பெரிய அமைப்பு ஒரு தோட்டத்துக் குடும்பத்தைத் தொட்ட இடம் இதுதான்.

ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடுகளை வைத்திருக்க வேண்டும். ஞானஸ்நான ஏட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், இடம் எல்லாம் பதிவாகும். அதோடு கதை முடிவதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து இருபத்தைந்து வயதில் வேறு ஊரில் திருமணம் செய்தால், திருமணம் நடந்த பங்கின் குரு முதலில் ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அங்கே பழைய பதிவின் ஓரத்தில் திருமணக் குறிப்பு எழுதப்படும். உறுதிபூசுதல் பெற்றாலும், குருவானாலும், துறவற வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அதே வரியின் பக்கத்தில்தான் எழுதுவார்கள். ஒருவர் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் அவருடைய திருச்சபை வாழ்க்கை முழுவதும் முதல் ஏட்டுக்குத் திரும்பி வருகிறது. இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டே இருந்த தோட்டத் தமிழருக்கு இப்படித் துரத்திப் பிடிக்கும் பதிவு வேறு எங்கும் இருக்கவில்லை. கம்பெனியின் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் இருக்கும். ஆனால் வேலையை விட்டதும் அது அடிபட்டுப் போகும். பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்ட குடும்பங்களில் தாத்தாவின் பெயரும் பாட்டியின் பெயரும் கறுப்பு மையில் எஞ்சியிருக்கும் ஒரே இடம் இந்த ஏடாக இருக்கக்கூடும்.

ஜப்பானியர் காலம் எல்லாரையும் போலவே கத்தோலிக்கரையும் சிதைத்தது. தோட்டத்து இளைஞர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர்க் கத்தோலிக்கரோடு நெகிரி செம்பிலானின் பகாவ் குடியேற்றத்துக்கு வந்த ஆயர் அட்ரியான் தவால்ஸ் 1945 ஜனவரியில் இறந்தார். 1948இல் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை முள்வேலிக்குள் ஓரிடத்தில் சேர்த்தார்கள். குரு தோட்டத்துக்குள் போய்வருவது இன்னும் கடினமானது.

1955 பிப்ரவரி 25 அன்று கோலாலம்பூரும் பினாங்கும் தனி மறைமாவட்டங்களாகப் பிரிந்தன. நாடு சுதந்திரம் பெற இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன. கோலாலம்பூரின் முதல் ஆயராக வந்தவர் இலங்கையில் 1909இல் பிறந்த டொமினிக் வெண்டர்கன். பினாங்கின் ஆயர் ஃபிரான்சிஸ் சான். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த ஆயர் பதவி ஒரே நாளில் ஒரு தமிழரிடமும் ஒரு சீனரிடமும் வந்தது. பேராயர் பீடம் அப்போதும் சிங்கப்பூரில் இருந்த மிஷேல் ஓல்சொமெண்டியிடமே இருந்தது. 1972 டிசம்பர் 18 அன்று அதுவும் மாறியது. சிங்கப்பூர் தனியாகி நேரடியாகத் திருத்தந்தையின் கீழ் சென்றது. கோலாலம்பூர் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. மலாக்கா - ஜொகூர் என்ற புதிய மறைமாவட்டம் பிறந்தது. அன்று முதல் தீபகற்பத்தின் மாகாணம் கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா - ஜொகூர் ஆகிய மூன்றும் சேர்ந்தது. கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் கூட்டரசுப் பிரதேசமும் புத்ராஜெயாவும் சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் பகாங்கும் திரெங்கானுவும் அடங்கும். பேராக், கெடா, பெர்லிஸ், கிளந்தான் ஆகியவை பினாங்கைச் சேர்ந்தவை. சபா, சரவாக் மாநிலங்களில் கோத்தா கினபாலு, கூச்சிங் என்று இரண்டு உயர்மறைமாவட்டங்கள் தனியாக உள்ளன. நாடு முழுவதற்கும் மறைமாவட்டங்கள் மொத்தம் ஒன்பது.

வெண்டர்கனுக்குப் பின் 1983இல் அந்தோணி சோட்டர் பெர்னாண்டஸ் பேராயரானார். தோட்டங்கள் சூழ்ந்த கெடாவின் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். 2003இல் ஓய்வுபெற்ற அவரை 2016இல் பிரான்சிஸ் திருத்தந்தை கர்தினாலாக உயர்த்தினார். மலேசியாவுக்குக் கிடைத்த முதல் கர்தினால் அவர், 2020இல் காலமானார். அடுத்து வந்த மர்பி பாக்கியம் பேராக்கின் தாப்பாவில் பிறந்தவர். 2013 வரை பொறுப்பில் இருந்தார். 1955 முதல் 2013 வரை ஐம்பத்தெட்டு ஆண்டுகள் தொடர்ந்து இந்திய வம்சாவளியினரே கோலாலம்பூரின் ஆயர்களாக இருந்தார்கள். நாட்டின் பெரிய நிறுவனங்களில் நம்மவருக்கு இத்தகைய தொடர்ச்சி எங்கே வாய்த்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. 2014 முதல் சிரம்பானில் பிறந்த ஜூலியன் லியோ பேராயராக இருக்கிறார். பொதுக் குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்பித்தவர் அவர்.

பேராயர் என்றவுடன் மூன்று மறைமாவட்டங்களையும் ஆளுகிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தன் சொந்த உயர்மறைமாவட்டத்தில்தான் அவருக்கு முழு அதிகாரம். பினாங்கு ஆயரோ மலாக்கா - ஜொகூர் ஆயரோ அவருக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்கள் அல்லர். மாகாணத்தில் விசுவாசமும் ஒழுங்கும் காக்கப்படுகின்றனவா என்று கவனித்து, குறை இருந்தால் திருத்தந்தைக்குத் தெரிவிப்பதுதான் மாகாணப் பேராயரின் கடமை. ஆயரைத் தேர்ந்தெடுப்பது உரோமை. மலேசியா மறைபரப்பு நாடுகளின் வரிசையில் இருப்பதால், 1622இல் தொடங்கிய விசுவாசப் பரப்புப் பேராயத்தின் வழிவந்த துறைதான் இங்குள்ள மறைமாவட்டங்களைக் கவனிக்கிறது. எழுபத்தைந்து வயது நிறைந்ததும் ஆயர் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும்.

உள்ளே ஆயருக்குத் துணையாகக் குருமுதல்வர் ஒருவர், ஆவணங்களுக்கு ஒரு செயலர், திருமண வழக்குகளுக்கு ஒரு நீதிமன்றம், பணத்துக்கு நிதிக்குழு, ஆலோசனைக்குக் குருக்கள் மன்றம் என்று சட்டம் வகுத்திருக்கிறது. பங்கில் நிதிக்குழு கட்டாயம். பங்குப்பேரவை அமைப்பது ஆயரின் முடிவு. நம் பங்குகளில் அது வேரூன்றிவிட்டது. ஆயர் தன் மறைமாவட்டம் முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்குள் சந்தித்து முடிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நகரத்துப் பங்குக்கு இது சாதாரண நிகழ்ச்சி. தோட்டப்புறத்துக்கு ஆயர் வருவது என்றால் வாழைமரம் கட்டி, மேளம் அடித்து, மாலை போட்டு வரவேற்கும் திருநாள். நாட்டின் சட்டத்தைப் பொறுத்தவரை ஆயர் என்ற பதவியே ஒரு நிறுவனம். ஆள் மாறினாலும் நிறுவனம் மாறாது. கோயில் நிலங்கள் அதன் பெயரில் இருக்கும். வழக்குமன்றப் பதிவுகளில் மனிதரின் பெயர் இல்லாமல் பதவியின் பெயர் மட்டும் வருவது அதனால்தான்.

இந்த இடத்தில்தான் தோட்டத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வேறுபாடு முழுதாகத் தெரிகிறது. நகரத்தில் கோயில் நின்ற நிலம் மறைமாவட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் சிற்றாலயம் நின்ற நிலம் கம்பெனிக்குச் சொந்தம். வாய்மொழி அனுமதியில் கட்டியவை பல. லயத்து மக்கள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துக் கட்டினாலும் காகிதத்தில் அவர்களுக்கு எதுவும் இல்லை. பள்ளிக்கூட விஷயமும் இப்படியே. நகரத்தில் சகோதரர்களும் கன்னியரும் நடத்திய ஆங்கிலப் பள்ளிகள் ஒரு தலைமுறையை மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆக்கின. புனித யோவான் கல்விக்கூடம் 1904இல் தொடங்கியது. தோட்டத்துக் கத்தோலிக்கப் பிள்ளை கம்பெனி நடத்திய ஓராசிரியர் தமிழ்ப்பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துவிட்டு, பன்னிரண்டு வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனது. திருச்சபையின் கல்விச் செல்வம் தோட்டத்துக்குள் போதுமான அளவு வரவில்லை. தமிழ் ஆயர் இருந்தும் வரவில்லை. இதை யார்மீதும் பழியாகச் சொல்லவில்லை. நகரத்தை மையமாக வைத்துக் கட்டிய அமைப்பு தோட்டத்தை எட்டிப் பிடிக்கத் தடுமாறியது. நம் பக்கத்திலும் குறை உண்டு. கப்பலில் சாதியும் ஏறி வந்தது. ஒரே பீடத்தின் முன் முழங்காலிட்டவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கிய காலம் இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன் பயனாகத் திருப்பலி தமிழுக்கு வந்தது. அதுவரை இலத்தீனில் குரு பலி நிறைவேற்ற, மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1976இல் தீபகற்பத்தின் ஆயர்களும் குருக்களும் பினாங்கில் ஒரு மாதம் ஒன்றுகூடிச் சங்கத்தின் போதனைகளை இந்த மண்ணில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராய்ந்தார்கள். அதிலிருந்து பிறந்த முக்கியமான முடிவு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் கூடி இறைவார்த்தையைப் பகிர்ந்துகொள்ளும் அன்பியங்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிய தீபகற்ப மேய்ப்புப்பணி மாநாடுகள் இதை வலியுறுத்தின. தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கவில்லை. குரு இல்லாமல் லயத்து வாசலில் பாய் விரித்துச் செபம் சொல்லி அவர்கள் பல தலைமுறைகளாக அன்பியமாகத்தான் வாழ்ந்திருந்தார்கள்.

பெரிய அடி அதன்பின் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயம் காலியானது. மக்கள் ரவாங், கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் என்று மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்கு வீடுகளுக்கும் சிதறினார்கள். அம்மன் கோயிலுக்கு நேர்ந்ததுதான் அந்தோனியார் கோயிலுக்கும் நேர்ந்தது: நிலம் விற்ற அன்றே சிற்றாலயத்தின் நாட்கள் எண்ணப்பட்டன. பாகான் செராய்க்காரருக்குக் காலடியில் நிலம் இருந்ததால் கோயிலும் ஊரும் நிலைத்தன. சிலாங்கூர்த் தோட்டத்தில் ஊரே கம்பெனியின் சொத்தாக இருந்ததால் பங்கு வாழ்க்கையும் அதோடு பெயர்ந்தது.

ஆனால் பங்கு அழிந்துவிட்டதா? திருச்சபைச் சட்டத்தை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 369ஆம் எண், மறைமாவட்டம் என்பது ஆயரிடம் ஒப்படைக்கப்பட்ட இறைமக்களின் ஒரு பகுதி என்று வரையறுக்கிறது. 515ஆம் எண், பங்கு என்பது கிறிஸ்தவ நம்பிக்கையாளரின் ஒரு குறிப்பிட்ட சமூகம் என்கிறது. இரண்டிலும் முதலில் வருவது மக்கள். நிலம் அவர்களை அடையாளம் காட்டும் வசதி மட்டுமே. 518ஆம் எண் இன்னும் ஒரு படி போகிறது. பொது விதியாகப் பங்கு நில எல்லையால் அமையும். பயனுள்ள இடத்தில் மொழி, நாட்டினம் ஆகியவற்றின் அடிப்படையிலும் பங்குகளை ஏற்படுத்தலாம். 1910இல் அந்தோனியார் கோயிலைச் சுற்றி உருவான நடைமுறையைச் சட்டம் இன்றும் ஏற்றுக்கொள்கிறது.

நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இன்று பெரும்பாலான நகரப் பங்குகளில் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என்று பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது. மறைமாவட்டத்தின் வார இதழான ஹெரால்டு நான்கு மொழிகளில் வெளிவந்து, தமிழுக்கும் இடம் கொடுத்தது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடிக்குக் குடியேறிய தோட்டத்துக் குடும்பம் புதிய பங்கின் அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்கத் தயங்குகிறது. அங்கே பேச்சு ஆங்கிலத்தில் நடக்கிறது, உடை வேறாக இருக்கிறது, தங்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை. முன்பு உபதேசியார் வீடு தேடி வந்து பெயர் எழுதினார். இப்போது மக்கள் அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டும். இந்த மாற்றத்தில் நாம் பலரை இழந்திருக்கிறோம் என்றே நினைக்கிறேன். அன்பியப் பொறுப்பாளர்களில் தமிழ் பேசுகிற ஒருவருக்காவது இந்தத் தேடிப் போகும் வேலையை முறையாக ஒப்படைப்பது, எந்தக் கட்டடத்தையும் விட அவசரமானது. உபதேசியார் என்ற பொறுப்பை முறையான திருப்பணியாகவே 2021இல் பிரான்சிஸ் திருத்தந்தை ஏற்படுத்தினார். தோட்டத்தில் நம் முன்னோர் செய்துகாட்டிய பணிக்கு உலகத் திருச்சபை பெயர் கொடுத்திருக்கிறது. அதை நகரத்தில் மீண்டும் கையில் எடுக்க இதைவிட நல்ல வேளை இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தையின் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேட விரும்பினால், முதலில் தோட்டத்தின் பெயரையும் ஞானஸ்நானம் நடந்த ஏறத்தாழ ஆண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தோட்டத்துச் சிற்றாலயத்துக்குத் தனி ஏடு இருந்திருக்காது. எந்தப் பங்கிலிருந்து சாமியார் வந்தார் என்பதே முக்கியம். பழைய காலத்துக்கு அது கோலாலம்பூரின் புனித அந்தோனியார் ஆலயமாகவோ கிள்ளானாகவோ இருக்கலாம். பங்கு தெரியாவிட்டால் உயர்மறைமாவட்டச் செயலர் அலுவலகத்துக்கு எழுதி, அந்த ஆண்டில் அந்தத் தோட்டத்தைக் கவனித்த பங்கு எது என்று கேட்கலாம். பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போகும். பிரெஞ்சுக் குரு காதில் கேட்டபடி எழுதியிருப்பார். சவரிமுத்துவும் ஆரோக்கியமும் அடையாளம் தெரியாத எழுத்துகளில் இருப்பார்கள். தந்தை பெயர், தாய் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் மூன்றையும் சேர்த்து ஒப்பிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பதிவு கிடைத்ததும் சான்றிதழோடு நின்றுவிடாமல், ஓரக் குறிப்புகளையும் படித்துச் சொல்லும்படி பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். தாத்தாவின் திருமணம் எந்த ஊர்க் கோயிலில் நடந்தது என்பது அங்கே எழுதியிருக்கும். அடுத்த ஏட்டுக்கான வழி அதிலிருந்து தொடங்கும்.